ஒன்றுமில்லை என்றும் எழுத வேண்டும்

டிசம்பரில் காரைக்கால் கடற்கரைக்கு முதல்முறை வருகிறவர், "கடல் ஊரைத் தின்றுகொண்டிருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போவார். அலை மணலைப் படிபோல் வெட்டிவைத்திருக்கும்; அடப்பங்கொடியின் வேர்கள் வெட்டில் வெளியே தொங்கும். ஏப்ரலில் வருகிறவர் அதே இடத்தில் அகன்ற, சரிவு குறைந்த மணல்வெளியைப் பார்த்து, "கரைக்கு என்ன குறை?" என்பார். இருவரும் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு நாள் பார்வையை வைத்துக் கரையைப் பற்றி எதையும் சொல்லிவிட முடியாது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக்கடலில் எழும் அலைகள் உயரமானவை, அடுத்தடுத்து நெருக்கமாக வருபவை. கரையில் மோதி வழியும் நீர் மணலுக்குள் இறங்குவதற்குள் அடுத்த அலை வந்துவிடும். அதனால் திரும்பும் நீரோட்டம் வலுத்து மணலைக் கடலுக்குள் இழுத்துப்போகிறது. அந்த மணல் சற்றுத் தொலைவில் கரைக்கு இணையாக நீருக்கடியில் திட்டாகப் படிகிறது. பெரிய அலைகள் அந்தத் திட்டிலேயே உடைவதால் கரையில் விழும் அடி குறைகிறது. வாடை ஓய்ந்து, பிப்ரவரிக்குப் பிறகு தாழ்வான நீண்ட அலைகள் வரத் தொடங்கும்போது, அதே மணல் மெல்ல மெல்லக் கரைக்குத் திரும்புகிறது. ஆண்டுதோறும் நடக்கிற போக்குவரத்து இது. ஆகவே கரை உண்மையில் தேய்கிறதா என்று அறிய, டிசம்பரை ஏப்ரலோடு ஒப்பிடக் கூடாது. இந்த ஏப்ரலைப் போன ஏப்ரலோடு, அதையும் அதற்கு முந்தைய ஏப்ரலோடு ஒப்பிட வேண்டும். அதற்கு யாராவது ஒருவர் ஒவ்வொரு மாதமும் அதே இடத்துக்குப் போய், அதே முறையில் அளந்து, எழுதிவைத்திருக்க வேண்டும்.

புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலுக்குச் சுமார் 20 கிலோமீட்டர் கடற்கரை உண்டு. வடக்கே தரங்கம்பாடிப் பக்கம் நண்டலாறு, தெற்கே நாகூரை ஒட்டி வாஞ்சூர். இடையில் அரசலாறும் திருமலைராஜன் ஆறும் இன்னும் சில காவிரிக் கிளைகளும் கடலில் கலக்கின்றன. கோட்டுச்சேரிமேடு, காசாக்குடிமேடு, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, திருமலைராயன்பட்டினம் என்று மீனவர் குடியிருப்புகள் வரிசையாக இருக்கின்றன. அரசலாற்று முகத்துவாரத்தில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. கீழவாஞ்சூரில் 2009 முதல் சரக்குத் துறைமுகம் இயங்குகிறது. இவ்வளவும் அந்த 20 கிலோமீட்டருக்குள்.

இந்தியக் கடற்கரை முழுவதையும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆராய்ந்த தேசியக் கடலோர ஆய்வு மையம், 1990-க்குப் பிறகான கால் நூற்றாண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கரை அரிப்புக்கு உள்ளாகியிருப்பதாகக் கண்டது. நாட்டின் போக்கை அறிய இது போதும். கிளிஞ்சல்மேட்டின் நிலையை அறியப் போதாது. நீண்டகாலப் பதிவுள்ள லேண்ட்சாட் படங்களில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டர். பல இடங்களில் கடற்கரையின் மொத்த அகலமே அவ்வளவுதான். மேலும் வானிலிருந்து எடுக்கும் படம் நீரும் மணலும் சந்திக்கும் கோட்டைத்தான் காட்டும். மணல் எவ்வளவு உயரம் கிடக்கிறது என்பது அதில் தெரியாது. அதைத் தரையில் நடந்துதான் அளக்க வேண்டும்.

இரண்டு கழி, ஒரு கயிறு

அளப்பதற்கான மிக எளிய வழியை 1961-இல் அமெரிக்கக் கடல்புவியியலாளர் கே. ஓ. எமரி எழுதிவைத்தார். சம உயரமுள்ள இரண்டு கழிகள், அவற்றை இணைக்கும் குறிப்பிட்ட நீளமுள்ள கயிறு. கழிகளில் உச்சியிலிருந்து கீழ்நோக்கி சென்டிமீட்டர் கோடுகள் போட்டிருக்கும். கரையின் மேற்புறத்தில் நகராத ஓர் அடையாளத்தில், ஒரு கல்தூணிலோ கட்டட மூலையிலோ, தொடங்கி, கயிறு விறைப்பாக இருக்கும்படி ஒருவர் முன்னேயும் ஒருவர் பின்னேயுமாகக் கடலை நோக்கி நடக்க வேண்டும்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் பின்னே நிற்பவர், முன்கழியின் உச்சியும் தொடுவானமும் ஒரே கோட்டில் தெரியும்படி கண்ணை வைப்பார். அந்தக் கோடு அவருடைய கழியை எந்த அளவில் வெட்டுகிறதோ, அதுவே அந்தக் கயிற்று நீளத்தில் தரை இறங்கிய அளவு. தரை ஏறியிருந்தால் தம் கழியின் உச்சியையும் தொடுவானத்தையும் சேர்த்து, முன்கழியில் அளவைப் படிப்பார். ரசமட்டம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். கடலின் தொடுவானமே மட்டம். கிழக்கே தடையில்லாமல் கடல் விரிந்திருக்கும் சோழமண்டலக் கரைக்கு இதைவிடத் தோதான முறை கிடையாது. இன்னொரு வசதியும் உண்டு: குஜராத்தின் பாவ்நகர் பக்கம் ஓதம் 10 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும், காரைக்கால் பக்கம் அது ஒரு மீட்டருக்கும் குறைவு. எனவே எந்த நேரத்தில் அளந்தாலும் பெரிய குழப்பம் வராது.

இப்படி எடுத்த அளவுகளை வரைதாளில் போட்டால் கரையின் பக்கவாட்டுத் தோற்றம் கிடைக்கும். இரண்டு மாதக் கோடுகளுக்கு இடையிலான பரப்பு, போன மணலின் அல்லது வந்த மணலின் அளவு. ஓர் உதாரணம்: 40 மீட்டர் அகலக் கரை சராசரியாக 25 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால், கரை நீளத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் 10 கனமீட்டர் மணல் போயிருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்குப் பத்தாயிரம் கனமீட்டர். வீடு கட்டுகிறவர்கள் கணக்கில் சுமார் 3,500 யூனிட். கால்மீட்டர் தாழ்வு கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. கழிக்குத் தெரியும்.

இது பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டு என்று நினைக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு வடக்கே நாரபீன்–கொலராய் கடற்கரையை, ஆண்ட்ரூ ஷார்ட் 1976-இல் எமரி முறையில் மாதந்தோறும் அளக்கத் தொடங்கினார். பிற்காலத்தில் செயற்கைக்கோள் வழி இடங்காட்டிக் கருவிகள் வந்தன. அளப்பது மட்டும் நிற்கவில்லை. இன்று உலகின் மிக நீண்ட கடற்கரைப் பதிவுகளில் அதுவும் ஒன்று. பசிபிக் கடலின் எல் நினோ, லா நினா மாற்றங்களுக்கேற்ப அலை வரும் திசை மாறுவதும், அதற்கேற்பக் கரையின் ஒரு முனை அகன்று மறுமுனை குறுகுவதும் அந்தப் பதிவிலிருந்துதான் புலப்பட்டன. ஐந்து ஆண்டுப் பதிவில் அது வெறும் ஏற்ற இறக்கமாகவே தெரிந்திருக்கும்.

மணலின் வரவும் செலவும்

கரைக்கு மணல் இரண்டு வழிகளில் வருகிறது. ஆறு கொண்டுவருவது ஒன்று. கரையோரமாக அலை நகர்த்திவருவது இன்னொன்று. காவிரியின் வண்டலும் மணலும் கட்டிய நிலம்தான் காரைக்கால். 1934-இல் மேட்டூர் அணை முடிந்த பிறகு, மேலே இருந்து வரும் வண்டலில் பெரும்பங்கு நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது. எஞ்சிய ஆற்று மணலைக் கட்டடங்கள் எடுத்துக்கொள்கின்றன. கிளையாறுகளின் கடைசியில் இருக்கும் கடற்கரைக்கு வரவு குறைவது இயல்பு.

அலை நகர்த்தும் மணலுக்கோ திசை மாறிக்கொண்டே இருக்கும். மார்ச் முதல் அக்டோபர் வரை தெற்கிலிருந்து வரும் அலைகள் மணலை வடக்கே தள்ளும்; வாடைக் காலத்தில் தெற்கே தள்ளும். ஆண்டு முடிவில் மிச்சம் எந்தப் பக்கம், எவ்வளவு என்பது கரைக்குக் கரை மாறும். சென்னையிலும் புதுச்சேரியிலும் மிச்சம் வடக்கு நோக்கி. அதனால்தான் சென்னைத் துறைமுகத்தின் தெற்கே மெரினா வளர்ந்தது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அழிந்தது. புதுச்சேரியில் 1980-களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்களால் நகரத்தின் கடற்கரை மறைந்து கருங்கல் குவியல் மட்டும் மிஞ்சியது. 2018-இல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டை அமைத்த பிறகுதான் காந்தி சிலைக்கு எதிரே மணல் திரும்பியது.

தெற்கே வர வர இலங்கைத் தீவு தென்கடல் அலைகளை மறைக்கத் தொடங்குவதால் இந்தக் கணக்கு மாறுகிறது. ஆகவே புதுச்சேரியில் நடந்தது அப்படியே காரைக்காலில் நடக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக் கூடாது. ஒரு கிராமத்தில் கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்தடுப்பான தூண்டில் வளைவைக் கேட்கிறார்கள், பக்கத்துக் கிராமத்தில் அதே தூண்டில் வளைவால் கரை போகிறது என்கிறார்கள். இந்த வழக்கை அளவு இல்லாமல் தீர்க்க வழியில்லை. முகத்துவாரச் சுவருக்கு இருபுறமும் மாதந்தோறும் கழி பிடித்து அளந்த மூன்று ஆண்டுப் பதிவு கையில் இருந்தால், பேச்சு வேறு தளத்துக்குப் போகும்.

தடம் படித்தவர்கள்

தமிழகக் கரையில் தன்னார்வலர்கள் மிக நீண்டகாலம் பின்தொடர்ந்தது மணலை அல்ல, ஆமையை. 1970-களின் தொடக்கத்தில், ராமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய சென்னைப் பாம்புப் பண்ணையைச் சுற்றியிருந்த இளைஞர்கள் இரவில் கடற்கரையில் நடந்து ஆமை முட்டைகளைத் தேடி எடுத்துக் காப்பாற்றினார்கள். அவர்களில் ஒருவரான சதீஷ் பாஸ்கர் ஐ.ஐ.டி. படிப்பை விட்டுவிட்டு, இந்தியக் கரையோரத்திலும் தீவுகளிலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்து ஆமைகளைக் கணக்கெடுத்தார். 1982 மழைக்காலத்தில் லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலித் தீவில் பல மாதம் தனியாகத் தங்கினார். அங்கிருந்து மனைவிக்கு எழுதிப் புட்டியில் அடைத்துக் கடலில் விட்ட கடிதம் இலங்கையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து வீடு வந்து சேர்ந்தது. 2023-இல் அவர் மறைந்தார். இந்தியாவின் பல தீவுகளில் ஆமைகளைப் பற்றிய முதல் எண்கள் அவர் நடந்து எழுதியவை.

1988-இல் சென்னைக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். தொடங்கியவர்களில் ஒருவரான கார்த்திக் ஷங்கர் பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியரானார். ஒவ்வோர் ஆண்டும் ஆமைப் பருவத்தில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். ஆள்கள் மாறியிருக்கிறார்கள், நடை மட்டும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்கிறது.

அவர்கள் தேடுவது பங்குனி ஆமை. அறிவியலில் ஆலிவ் ரிட்லி. ஒடிசாவின் கஹிர்மாதாவிலும் ருஷிகுல்யாவிலும் லட்சக்கணக்கில் ஒன்றாகக் கரையேறுவதும் இதே இனம்தான். நாகை, காரைக்கால் உள்ளிட்ட நம் கரையில் ஒன்றிரண்டாக வரும். ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை பருவம். அலை எட்டாத மேட்டுக்கு ஊர்ந்து ஏறி, ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்தில் குழி பறித்து, நூறுக்குமேல் முட்டையிட்டு, மணலை மூடித் தன் உடம்பால் தட்டிக் கெட்டித்துவிட்டுத் திரும்பும். 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளிவரும்.

தடத்திலேயே இனம் தெரியும். பங்குனி ஆமை இடம், வலம் என்று மாறி மாறித் துடுப்புப் போட்டு நகரும்; அதனால் இருபக்கக் குறிகளும் ஒன்றுக்கொன்று எதிரே அமையாமல் தள்ளித் தள்ளி விழும். பேராமை இரண்டு முன்துடுப்புகளையும் ஒருசேரப் போடும். தடம் இருபுறமும் ஒத்திருக்கும். ஏறிய தடமும் இறங்கிய தடமும் இருந்து நடுவில் குழப்பிய மணல் இல்லையென்றால், ஆமை முட்டையிடாமல் திரும்பியிருக்கிறது என்று பொருள். வெளிச்சம், ஆள் நடமாட்டம், கரைக்கு மிக நெருங்கிவிட்ட சவுக்குத் தோப்பு, கருங்கல் சுவர் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். சுனாமிக்குப் பிறகு அரணாக நட்ட சவுக்கு, அலைக்கோட்டுக்கு மிக அருகே வரும்போது ஆமைக்கு முட்டையிட இடம் குறைகிறது. திரும்பிப் போன தடங்களை எண்ணினால்தான் இந்தச் சிக்கல் கண்ணில் படும். முட்டைக்குழிகளை மட்டும் எண்ணினால் படாது.

முட்டையை எடுப்பதற்கும் விதி உண்டு. இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். அதன்பின் முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். ஆகவே விடியற்காலைக்குள், திருப்பாமல், இருந்த நிலையிலேயே எடுத்து, அதே ஆழத்தில் புதைக்க வேண்டும். மணலின் வெப்பம் இன்னொரு செய்தி. அடைகாலத்தின் நடுப்பகுதியில் மணல் ஏறத்தாழ 29–30 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் பெண் குஞ்சுகள் மிகும். கீழே இருந்தால் ஆண் மிகும். பொரிப்பகத்தில் ஒரு வெப்பமானியைப் புதைத்துத் தினமும் படித்து எழுதுவது, வெப்பமேறும் உலகில் நம் கரை எந்தப் பாலினக் குஞ்சுகளை அதிகம் அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று சொல்லும். வளர்ந்து முட்டையிட வருவதற்குப் பதினைந்து ஆண்டு அளவில் ஆகும். இன்று நாம் செய்வதன் பலன் தெரிய அவ்வளவு காலம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒதுங்கும் உடல்கள்

2025 ஜனவரியில் சென்னையிலும் அண்டைக் கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. பெரும்பாலும் காரணம் இழுவலை. ஆமைக்கு நுரையீரல் உண்டு. மூச்சுவிட மேலே வர வேண்டும். வலைக்குள் நீண்ட நேரம் சிக்கினால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலை போடக் கூடாது என்பது தமிழக விதி. ஆமைகள் இணைசேரவும் முட்டையிடவும் கூடுவது அந்தக் கரையோர நீரில்தான். கிழக்குக் கரையின் 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15-இல் தொடங்கும்போது ஆமைப் பருவம் பெரும்பாலும் முடிந்துவிட்டிருக்கும்.

ஒதுங்கிய உடல்களின் எண்ணிக்கை இறந்தவற்றின் எண்ணிக்கை ஆகாது. செத்த ஆமை முதலில் மூழ்கும். உடல் அழுகி வாயு சேர்ந்தபின் மிதக்கும். அதன்பின் காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் தள்ளுகின்றனவோ அந்தப் பக்கம் போகும். அமெரிக்காவின் வட கரோலினாக் கரையில் செய்த ஆய்வில், வலையில் செத்த ஆமைகளில் பத்தில் ஒன்று அளவே கரையில் ஒதுங்கியது தெரிந்தது. வாடைக் காலத்தில் நம் கரைக்கு எதிரே காற்று கரை நோக்கி வீசும், ஒதுங்குவது கூடும். காற்றுத் திசையைச் சேர்த்து எழுதாத உடல் கணக்குக்கு அரைமதிப்புத்தான்.

அதனால் பயிற்சி பெற்றவர்கள் ஓர் உடலைக் கண்டால் ஓட்டின் நீளத்தையும் அகலத்தையும் நாடாவால் அளப்பார்கள். வால் ஓட்டுக்கு வெளியே நீண்டிருந்தால் ஆண், இல்லையென்றால் பெண் என்று குறிப்பார்கள். காயம், வலைத் துண்டு, அழுகல் நிலை ஆகியவற்றை எழுதிப் படம் எடுத்து, ஓட்டில் வண்ணப்பூச்சால் அடையாளம் இடுவார்கள். நாளைக்கு வேறொருவர் அதே உடலை மறுபடி எண்ணாமல் இருக்க இந்த அடையாளம்.

வெறுமையான நாள்களின் மதிப்பு

எண்ணிக்கையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது: ஏதாவது கண்டால்தான் செய்தி, கண்டால்தான் எழுத வேண்டும். ஒரு குழு பத்து இரவு நடந்து பத்து முட்டைக்குழி கண்டது; இன்னொரு குழு அறுபது இரவு நடந்து பத்து கண்டது. கண்ட நாள்களை மட்டும் எழுதிவைத்தால் இரண்டு கரையும் ஒன்றாகத் தெரியும். உண்மையில் இரண்டாவது கரையில் ஆமை வரவு ஆறில் ஒரு பங்குதான். வித்தியாசத்தைக் காட்டுவது எதுவும் கிடைக்காத அந்த ஐம்பது இரவுகள். "நடந்தோம், மூன்று மணி நேரம், நான்கு கிலோமீட்டர், ஒன்றுமில்லை" என்ற வரிதான் மற்ற வரிகளுக்கு எடை கொடுக்கிறது.

இதை மெய்ப்பித்த முயற்சி அமெரிக்காவின் பசிபிக் கரையில் நடந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜூலியா பாரிஷ் 1999-இல் தொடங்கிய 'கோஸ்ட்' திட்டத்தில் தன்னார்வலர்கள் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பிட்ட துண்டுக் கரையை மாதந்தோறும் நடந்து, செத்து ஒதுங்கிய பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். பறவையின் பெயரை அவர்கள் ஊகிக்க வேண்டியதில்லை. கால், அலகு, சிறகு அளவுகளை எடுத்து, படம் பிடித்து, சிறகில் வண்ணக் கட்டு மாட்டிவிடுவார்கள்; வல்லுநர் சரிபார்ப்பார். ஒன்றுமில்லாத மாதமும் பதிவாகும். 2015 கோடைக்கும் 2016 வசந்தத்துக்கும் இடையே கலிபோர்னியாவிலிருந்து அலாஸ்கா வரை சுமார் 62,000 மர்ரே பறவைகள் செத்து ஒதுங்கியபோது, அது வழக்கத்தைவிட எத்தனை மடங்கு என்று உடனே சொல்ல முடிந்தது. பல ஆண்டு வெறுமையான கரைகளின் பதிவு இருந்ததுதான் காரணம். வடபசிபிக்கில் நீர் அசாதாரணமாகச் சூடேறி உணவுமீன் குறைந்ததோடு அந்தச் சாவு பொருந்தியது. அலாஸ்காவில் மட்டும் 40 லட்சம் மர்ரேக்கள் அழிந்திருக்கலாம் என்று 2024-இல் வெளியான ஆய்வு கணித்தது.

விபத்துக்கு முந்தைய கணக்கு

2023 மார்ச்சில், காரைக்கால் எல்லையை ஒட்டிய நாகூர் பட்டினச்சேரியில் கடலுக்குள் போகும் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்தது. மீனவர்கள் போராடினார்கள், குழாயை அகற்றக் கோரினார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் எழும் முதல் கேள்வி: எவ்வளவு இழப்பு? அதற்கு முந்தைய மாதம் அந்த மணலில் எத்தனை நண்டு வளை இருந்தது, ஒதுங்கிய சிப்பி எவ்வளவு, தார்க்கட்டி இருந்ததா இல்லையா என்ற கணக்கு இருந்தால்தான் பதில் உண்டு. கரையில் வளை தோண்டும் வெளிறிய மணல் நண்டுகளின் வளைகளைச் சதுர மீட்டருக்கு எத்தனை என்று எண்ணுவது, கடற்கரையின் நலத்தை அறிய உலகெங்கும் பயன்படும் எளிய முறை. ஒரு சதுரச் சட்டமும் பென்சிலும் போதும். விபத்துக்குப் பிறகு தொடங்கும் எண்ணிக்கையால் ஒப்பிடுவதற்கு ஒன்றும் கிடைக்காது.

விபத்துக்குப் பிறகானாலும் எழுதிவைப்பதன் பயனை இலங்கை கண்கூடாகக் கண்டது. 2021 மே, ஜூனில் கொழும்புக்கு அருகே எரிந்து மூழ்கிய எக்ஸ்–பிரஸ் பேர்ல் கப்பலில் ஏறத்தாழ 1,680 டன் பிளாஸ்டிக் மணிகள் இருந்தன. பருப்பு அளவேயான அந்த மணிகள் மேற்குக் கரை முழுவதும் பரவின. பேர்ல் ப்ரொடெக்டர்ஸ் என்ற தன்னார்வ அமைப்பினர் மணலைச் சலித்து அள்ளியதோடு எங்கே எவ்வளவு என்று எழுதியும் வைத்தார்கள். அள்ளினால் கரை சுத்தமாகும். எழுதினால் அடுத்த ஆண்டு அதே இடத்தில் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்க முடியும். குப்பை பொறுக்கும் எல்லா முகாம்களுக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

நம்பலாமா?

தன்னார்வலர் தரவை விஞ்ஞானிகள் நீண்டகாலம் ஒதுக்கியே வைத்தார்கள். ஆள் மாறும், கண் மாறும், ஆர்வம் குறையும் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அதில் நியாயம் உண்டு. புதிதாக வந்தவர் ஆரம்ப நாள்களில் தடத்தைத் தவறவிடுவார். மழை பெய்த மறுநாள் தடமே இருக்காது. விடுமுறை நாளில் அதிகம் பேர் நடப்பதால் அதிகம் கண்டதாகத் தோன்றும். இவற்றுக்கு மருந்து தன்னார்வலர்களைத் தவிர்ப்பதல்ல, பிழையை எழுதிவைப்பது. எத்தனை பேர் நடந்தார்கள், எவ்வளவு நேரம், எந்தத் திசைக் காற்று, மழையா, நிலவா என்று ஒவ்வொரு நடைக்கும் குறித்தால், பிற்பாடு புள்ளிவிவரத்தில் திருத்திக்கொள்ளலாம். சில நாள் இருவரை ஒரே துண்டில் தனித்தனியே நடக்கவைத்து ஒப்பிட்டால் தவறவிடும் விகிதமும் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடற்கரையை நாள்தோறும் பார்ப்பதில் மீனவரைவிடத் தேர்ந்தவர் இல்லை. சென்னை ஊரூர் குப்பத்தின் மூத்த மீனவர் பாளையம் காற்று, நீரோட்டம், அலை, மணல், மீன் எல்லாவற்றையும் நாள்தோறும் கவனித்துச் சொல்ல, அது பதிவாகியிருக்கிறது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்கு மீனவர் வைத்திருக்கும் பெயர்கள் திசையோடு பருவத்தையும் சேர்த்துச் சொல்பவை. தன்னார்வலர் படிவத்தில் 'வடகிழக்கு' என்று அச்சடிப்பதோடு அந்தப் பெயருக்கும் ஓர் இடம் இருந்தால், படிவத்தை நிரப்புகிற கைகள் கூடும். விடியற்காலையில் வலையோடு கரைக்கு வரும் ஒருவர் கண்ட தடம், இரவு முழுக்க நடந்த கல்லூரி மாணவர் தவறவிட்டதாகவும் இருக்கலாம்.

காரைக்காலில் செய்வதென்றால்

அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் 1993 முதல் கரை முழுவதையும் ஒரு மைல் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒருவர் அல்லது ஒரு குடும்பம் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. காரைக்காலை ஒரு கிலோமீட்டராகப் பிரித்தால் இருபது துண்டுகள்தான். ஒரு துண்டுக்கு மூன்று பேர் என்றால் அறுபது பேர். திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது; நகரில் அரசுக் கல்லூரிகளும் வேளாண் கல்லூரியும் இருக்கின்றன; வானிலைத் துறையின் நிலையமும் ரேடாரும் இருப்பதால் காற்றையும் மழையையும் தனியே அளக்க வேண்டியதில்லை. சிட்னியில் 2017-இல் தொடங்கிய 'கோஸ்ட்ஸ்னாப்' முறையில் கரையில் ஓர் இரும்புத் தாங்கி நட்டுவைக்கிறார்கள். வருகிறவர் எவரானாலும் கைபேசியை அதில் வைத்து ஒரே கோணத்தில் படம் எடுத்து அனுப்பலாம். கடற்கரைச் சாலையில் நடைபயிற்சிக்கு வருகிற கூட்டமே அதற்குப் போதும்.

சில எல்லைகள் முக்கியம். பங்குனி ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. வனத்துறை அனுமதி இல்லாமல் முட்டையைத் தொடக் கூடாது. தடத்தை அளக்கலாம், குழி இருக்கும் இடத்தைத் தெரிவிக்கலாம். ஆமை வரும் பருவத்தில் டார்ச் அடிக்கக் கூடாது. குஞ்சுகள் வெளிச்சமான தொடுவானம் பார்த்து நகர்பவை, ஊர் விளக்கைக் கடலென்று நம்பிப் போய்விடும். மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரத்திலிருந்து சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும்போது ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். அதுவும் ஆமைப் பருவத்தில்தான் வருகிறது. அந்த நாளில் தடம் இல்லையென்றால் ஆமை வரவில்லை என்று எழுதக் கூடாது. கூட்டத்தால் பார்க்க முடியவில்லை என்று எழுத வேண்டும். 'இல்லை' என்பதும் 'பார்க்க முடியவில்லை' என்பதும் வேறு வேறு பதில்கள். படிவத்தில் இரண்டுக்கும் தனிக் கட்டம் வேண்டும்.

ஆமைக்கு மாவட்ட எல்லை கிடையாது. காரைக்கால் கரையின் இருபுறமும் தமிழ்நாடு. வடக்கே மயிலாடுதுறை, தெற்கே நாகப்பட்டினம். வனத்துறை வேறு, மீன்வளத் துறை வேறு, சட்டம் வேறு. நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம் ஓட்டில் வண்ணம் பூசப்பட்ட ஆமை இந்தப் பக்கம் ஒதுங்கினால், இருவரும் ஒரே படிவத்தைப் பயன்படுத்தினால்தான் அது ஒரே ஆமை என்று தெரியும். நடுவில் இருக்கும் 20 கிலோமீட்டர் பதிவில்லாமல் கிடந்தால், தரங்கம்பாடியின் கணக்கும் நாகூரின் கணக்கும் சேர்ந்தாலும் முழுமையாகாது.

முதலாண்டுப் பதிவைக் கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது என்பதைத் தொடங்குகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டாம் ஆண்டு ஒப்பிட ஒன்று கிடைக்கும். ஐந்தாம் ஆண்டு ஒரு போக்கு தெரியலாம், அது தற்செயலாகவும் இருக்கலாம். பத்தாம் ஆண்டில் கரையைப் பற்றித் துறைமுகமோ மீனவரோ அரசோ வாதாடும்போது, மேசைமேல் வைக்க ஊரிடம் ஒரு புத்தகம் இருக்கும். அதன் பக்கங்களில் பாதிக்குமேல் "ஒன்றுமில்லை" என்றே எழுதியிருக்கும். மீதி வரிகளுக்கு மறுப்புச் சொல்ல முடியாதபடி செய்வது அந்தப் பக்கங்கள்தான்.